ஏலத்துக்குப் போகாத வீடு

பஸ்மியா: ...மூணு கிலோ ஆட்டிறைச்சியா? பெருநாளும் இல்ல, ஒண்டும் இல்ல! என்ன நடந்த உங்களுக்கு?

முனீப்: பெருநாள்தான் புள்ள! மாமியையும் கூப்பிடு. இல்ல... அவ எங்க எனக்கு முன்னுக்கு வரப்போறா. குசினிக் கதவுக்கு அங்கால நிண்டே கேக்கட்டும். சத்தமாச் சொல்றன்.

அசனா: மகள், எனக்குக் காது நல்லாக் கேக்கும் எண்டு அவருக்குச் சொல்லு.

பஸ்மியா: உம்மாக்குக் காது நல்லாக் கேக்குமாம்.

முனீப்: கேட்டிச்சி, கேட்டிச்சி. கலியாணம் முடிச்சி ஒம்பது வருஷம். ஒரே ஊடு, ஒரே சோறு... மாமிட ஒரு சொல்லும் உன்ட வாயால வராம எனக்கு வந்ததில்ல.

பஸ்மியா: அது மருமகனுக்குக் குடுக்கிற மரியாத. நீங்க விசயத்தச் சொல்லுங்க.

முனீப்: இந்தா, வங்கிக் கடிதம். மேல்மாடி கட்ட எடுத்த கடன் இருக்கில்லா... வட்டியக் குறைச்சி, இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு நீட்டி, மாசம் கட்டுறதப் பாதியாக்கிட்டாங்க! அரசாங்கத்துட நிவாரணத் திட்டத்துல! ஏலத்தயும் நிப்பாட்டியாச்சி!

பஸ்மியா: ஏலமா?

முனீப்: ஓ... அது...

பஸ்மியா: என்ன ஏலம்?

முனீப்: முதல்ல கதிரையில இரு. சத்தம் போடாத. மாமிக்குப் பிறசர்.

அசனா: மகள், பிறசர் இண்டைக்குச் சரியாத்தான் இருக்கு எண்டு சொல்லு.

முனீப்: அல்ஹம்துலில்லாஹ். அப்ப சொல்றன். சுற்றுலா வாற ஆக்கள என்ட போட்டுல ஏத்தி, கடல்ல திமிங்கிலம் காட்டி உழைச்சி அந்தக் கடனக் கட்டலாம் எண்டுதான நினைச்சன்? கொரோனா வந்திச்சி. பிறகு போட்டுக்கு எண்ணெய் இல்லாமப் போச்சி. போட்டு கரையில கிடந்திச்சி, வட்டி மட்டும் ஓடிச்சி. கடைசில... வார பதினஞ்சாந் திகதி ஊட்ட ஏலத்துல விக்கப் போறம் எண்டு பேப்பர்லயும் போட்டுட்டாங்க.

பஸ்மியா: பேப்பர்லயா? நான் காணல்லயே!

முனீப்: எப்பிடிக் காணுவாய்? உட்துறைமுக வீதில இருக்கிற மூணு கடையிலயும் அண்டைக்கு வந்த பேப்பர் முழுக்க நான்தான் வாங்கினன். போட்டுல கொண்டு போய் நடுக்கடல்ல போட்டனான்.

அசனா: மகள், பள்ளிவாசல் வாசிகசாலைக்கும் பேப்பர் வாறதாம் எண்டு சொல்லு.

முனீப்: ...என்ன?

பஸ்மியா: அத விடுங்க. நிவாரணம் எப்பிடிக் கிடைச்ச?

முனீப்: திட்டம் வந்திருக்கு எண்டதும் முதல் ஆளா ஓடினனான். படிவத்துல ‘வீடு யாருடையது?’ எண்டு கேட்டிருந்திச்சி. ‘மாமியாருடையது’ எண்டு எழுதிக் குடுத்தன்.

பஸ்மியா: அல்லாஹ்வே! அப்பிடியேவா எழுதின?

முனீப்: வேற என்னத்த எழுதுற? நம்மட பக்கத்துல எந்த ஆம்பிள ‘என்ட ஊடு’ எண்டு சொல்லுவான்? ஊடு பொம்புளப் புள்ளைக்கு. நாங்க வந்து குடியிருக்கிற ஆக்கள். ஊட்டு உறுதிப் பத்திரமும் இன்னும் மாமிட பேருலதான கிடக்கு. ‘சொந்த வீட்டுக்காரருக்குத்தான் நிவாரணம்’ எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க.

பஸ்மியா: அப்பவாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே!

முனீப்: எந்த முகத்தோட சொல்ற? கடனுக்கு ஊட்ட ஈடு வைக்கக் கையெழுத்துக் கேட்ட நேரம், ஏன் எதுக்கு எண்டு மாமி ஒரு கேள்வி கேட்டாவா? அவவிட்டப் போய், உங்கட ஊடு என்னால போகுது எண்டு... ஏலாது புள்ள. என்னால ஏலாமப் போச்சி.

பஸ்மியா: சரி, அழாதீங்க. பிறகு?

முனீப்: பிறகு நான் விடல்ல! மனேஜருக்கு முன்னால நிண்டு ஒரு பேச்சுப் பேசினன் பாரு... ‘சேர், நாங்க களவெடுத்த ஆக்களில்ல, கடல நம்பின ஆக்கள்’ எண்டு! மனுசன் வாய் பொளந்து கேட்டாரு. அந்தப் பேச்சுத்தான் வேல செஞ்சிருக்கு!

பஸ்மியா: எப்ப பேசின?

முனீப்: மூணு மாசமிருக்கும்.

பஸ்மியா: இப்பத்தானா அவருக்கு விளங்கின?

அசனா: மகள், இப்ப இருக்கிறவர் புது மனேஜர் எண்டு சொல்லு. அந்தப் பேச்சக் கேட்டவர் மாத்தலாகி அம்பாறைக்குப் போயிட்டாரு.

முனீப்: ...மாமிக்கு எப்பிடித் தெரியும்?

பஸ்மியா: கடிதத்த முழுசா வாசிச்சீங்களா?

முனீப்: முதல் பந்திய வாசிச்சன். கண் கலங்கிப் போச்சி. நேரா இறைச்சிக் கடைக்குப் போயிட்டன்.

பஸ்மியா: ரெண்டாம் பந்திய வாசிங்க. சத்தமா.

முனீப்: ‘வங்கியின் சம்மதத்துடன் எழுதப்பட்ட புதிய உறுதியின் பிரகாரம், மேற்படி வீட்டின் உரிமையாளர்களான... அப்துல் மஜீத் பஸ்மியா... மற்றும்... முகம்மது காசிம் முனீப்...’ புள்ள, உரிமையாளர் எண்டு என்ட பேரயும் பிழையா அடிச்சிருக்காங்க.

பஸ்மியா: பிழை இல்ல. போன மாசம் ரெண்டு தரம் உம்மாவக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனனே... கிளினிக்குக்கு இல்ல. ஊட்ட நம்ம ரெண்டு பேருட பேருக்கும் மாத்தி எழுத, உறுதி எழுதுற நொத்தாரிசு சசிகரன் ஐயாட்டத்தான் போன.

முனீப்: எனக்கு ஒரு வார்த்த...

பஸ்மியா: சொன்னா விடுவீங்களா? மாமிட ஊடு எனக்கு வேணாம் எண்டு ரோசத்துல நிப்பீங்க.

முனீப்: அப்ப ஏலக் கதையும் உனக்கு...

அசனா: உறுதிக்காரிக்கு நோட்டீஸ் வராதா மருமகன்?

முனீப்: ...மாமி?

பஸ்மியா: உம்மா! நீங்க அவரோட நேர...

அசனா: சும்மா இரு மகள். இத உன்ட வாயால சொல்ல ஏலாது. மருமகன், உங்களுக்கு ஏலக் கடிதம் வந்த அதே நாள் எனக்கும் பதிவுத் தபால்ல வந்திச்சி. எனக்குத் தெரியாம இருக்கட்டும் எண்டு நீங்க பட்ட பாட்டப் பாத்து, நானும் தெரியாத மாதிரியே இருந்திட்டன்.

முனீப்: மாமி... மகளுக்கு எழுதுற ஊட்டுல மருமகன்ட பேரா? ஊரு என்ன சொல்லும்?

அசனா: ஊரு நல்லாச் சொல்லட்டும்! ஏலத்தண்டைக்கு ஊரா வந்து நமக்கு ஊட்ட மீட்டுத் தரப்போகுது?

முனீப்: சரி... கடன் முடிஞ்ச கையோட என்ட பேர வெட்டிப் போட்டு, பஸ்மியாக்கே முழுசா எழுதிருவம்.

அசனா: நீங்க ஊட்டுல இல்லாத நேரம் விசாரணைக்கு வந்த வங்கி அதிகாரியும் அதத்தான் கேட்டாரு. ‘நிவாரணத்துக்காக மருமகன்ட பேரப் போட்டுட்டு, பிறகு வெட்டுவீங்களோ உம்மா?’ எண்டு. நான் சொன்னன், ‘சேர், மேல்மாடிக்கு ஒவ்வொரு கல்லையும் அவர் தோள்ல சுமந்து ஏறினத, குசினி யன்னலால பாத்துக்கொண்டிருந்தவ நான். மேல்தட்டுப் போட்டு முடிச்ச அண்டைக்கே அவர்ட பேரயும் எழுதோணும் எண்டு நினைச்சிட்டன். வங்கிக்காரர் சொல்லித்தான் எழுதோணுமா? அது அவர்ட ஊடு.’