எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போனவர்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கச் செயலாளர் பக்கிரி அண்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, மேடைக்கு வர மறுத்துத் தன் கணவர் மருதையனின் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் கண்ணாத்தாள் அக்கா, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இது நம் ஊர் நூலகத்தில் நடந்திருக்க வேண்டிய கூட்டம். பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மருதையன் திரைப்படம் போட்ட இடம் அது. அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இந்தச் சங்கக் கொட்டகையில் கூடியிருக்கிறோம். எனக்கு மேடைப் பேச்சு வராது. அழுகையும் வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கிறேன்.

மூட்டை தூக்கும் தொழிலாளி, நூலக வாசகர் வட்டத்தின் திரைப்பட மன்ற அமைப்பாளர், அறுபத்தொரு வயது மருதையன் அவர்கள் எங்கே இறந்தார்? காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடப் போகும் வழியில் இறந்தார். நிபந்தனை ஜாமீன். தினமும் காலை பத்தரைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சித்திரை வெயிலில் ஏழு கிலோமீட்டர் சைக்கிள். பதினெட்டு நாள் போட்டார். பத்தொன்பதாம் நாள், நன்னிலம் சாலையில், வாய்க்கால் மதகில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அந்த வெயிலில் அவர் அந்தச் சாலையில் எதற்காக இருந்தார் என்பதை யார் எழுதினார்கள்? மறுநாள் பத்திரிகையில் எட்டு வரி வந்தது. ‘புரொஜெக்டர் திருட்டு வழக்கில் சிக்கியவர் சாவு.’

அந்தத் திருட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதைப் பேசாமல் அவரைப் புகழ்வது அவமரியாதை.

மருதையனுக்கு ஒரே வகைப் படம்தான் பிடிக்கும். நாலைந்து கூலிக்காரர்கள் சேர்ந்து பெரிய இடத்தில் கைவைக்கத் திட்டம் போடுவார்கள். எல்லாம் தப்பாகப் போகும். நாம் வயிறு நோகச் சிரிப்போம். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் சரி, திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவரே தமிழில் வசனம் சொல்வார். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்த தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அவர் பாட்டுக்கு வேறு வசனம் சொல்வார். அதற்குத்தான் கூட்டம் சிரித்தது.

நான் மன்றத்தின் செயலாளர். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அந்தப் படங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. கோபப்பட வேண்டியவர்களைச் சிரிக்கவைத்து, அதே கூலிக்குத் திருப்பி அனுப்பும் வேலை அது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

“நீங்க போடுற படத்துல எங்காளு அடி வாங்குறான், அழுவுறான், செத்துப் போறான். பாக்குறவங்க பாவம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சாப்புடுறாங்க. இதுல எங்காளு யோசிக்கிறான் டீச்சரம்மா. எங்களுக்கு யோசிக்கத் தெரியும்னு வேற எந்தப் படத்துல காட்டுறாங்க?”

அதன் பிறகுதான் அந்தப் படங்களைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். வண்ணாரப் பெண்ணுக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிகிறது. சுமை தூக்குகிறவனுக்குப் பெட்டியின் எடை பார்த்ததுமே தெரிகிறது. பாத்திரம் கழுவுகிறவளுக்குப் பின்வாசல் தெரிகிறது. தன் மாளிகையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரே ஆள் முதலாளிதான்! நாள் முழுக்கச் செய்து, யாரும் ஒரு வார்த்தை பாராட்டாத வேலை, அந்த இரண்டு மணி நேரம் மூளையாக மாறுகிறது. அதற்குத்தான் நம் மக்கள் கைதட்டினார்கள். அதை ஆறுதல் என்று சொன்ன நான்தான் அவர்களைக் குறைவாக எடைபோட்டேன்.

இனி புரொஜெக்டர். அது நூலகத்துக்கு வந்த பொருள். வாசகர் வட்டத்தின் பொறுப்பில் இருந்தது. வெளியே போனால் இரவல் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊராட்சித் தலைவர் சுதந்திர தின விழாவுக்கு வேண்டும் என்று ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போனார். பதிவேட்டில் எழுதவில்லை. திருப்பித் தரவும் இல்லை. அவர் வீட்டு மாடிச் சுவரில் கிரிக்கெட் ஓடியது. நாற்பது பேர் என் மடிக்கணினியின் சின்னத் திரையை எட்டி எட்டிப் பார்த்தோம். மூன்று முறை மனு எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

பங்குனியில் ஒரு கூட்டத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “பதினோரு வருஷமா இந்தப் படங்களைப் பாத்துச் சிரிக்கிறீங்க. நம்ம பொருளை நம்மால எடுத்துட்டு வர முடியல” என்று சொன்னேன். ஏளனமாகத்தான் சொன்னேன். மருதையன் கோபப்படவில்லை. சமையல் வேலைக்குப் போகும் அம்சம் அக்காவைப் பார்த்தார். அக்கா பாத்திரக் கடை யூசுப் பாயைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு தலைவர் வீட்டில் காதணி விழா. சமையலுக்கு உதவியாள் அம்சம். பாத்திரமும் பந்தலும் முகம்மது யூசுப்பின் வாடகைக் கடையிலிருந்து. பாத்திரம் தூக்க மருதையன். அறுநூறு பேர் சாப்பிடும் பட்டப்பகலில், மாடிக்குப் போய், புரொஜெக்டரை ஒரு அண்டாவுக்குள் வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு பந்திக்கு நடுவே நடந்து வந்தார். யாரும் பார்க்கவில்லை. சுமை தூக்குகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வாசலில் தலைவரின் மைத்துனர் மட்டும் மறித்தார்.

“ஏய், அது சாம்பாரா? எங்க பந்திக்கு இன்னும் வரல.”

பின்னால் வந்த அம்சம் அக்கா சொன்னார்: “சாம்பார்தாங்க. அடிப்பிடிச்சுப் போச்சு. உங்களுக்கு ரெண்டு கரண்டி ஊத்தட்டுங்களா?”

“கொண்டு போ, கொண்டு போ.”

சிரியுங்கள் கண்ணாத்தாள் அக்கா, தப்பில்லை. அவரே இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

அன்று மாலை நூலகச் சுவரில் படம் ஓடியது. ஒரு ஓட்டலின் சலவைத் தொழிலாளர்கள் முதலாளியின் இரும்புப் பெட்டியை அழுக்குத் துணி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் கதை. விழாவுக்கு வந்த விருந்தாளிகளும் வந்தார்கள். அந்த மைத்துனர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டி வாசலைத் தாண்டியபோது எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். நான் பார்த்தேன். மறுநாள் காலை மிச்சப் பாத்திரம் எடுக்கப் போனபோது, மருதையன் லென்ஸைத் துண்டால் துடைத்துப் புரொஜெக்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். தேவைப்படும்போது இனிமேல் இப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

விஷயம் எப்படி வெளியே வந்தது? டீக்கடையில் யாரோ, தலைவர் வீட்டுச் சாம்பார் நூலகச் சுவரில் நன்றாக ஓடியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் சிரித்தது. பொருள் போனதைத் தலைவர் பொறுத்திருப்பார். அந்தப் பொருள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது அவருக்கு. சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. வீடு புகுந்து திருடியதாகப் புகார். திரையில் திருடியவர்களுக்குக் கைதட்டிய அதே கை சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது!

சாட்சியம் என்ன தெரியுமா? நம் இரவல் பதிவேடு. நூலகத்தின் பொருளை எழுதாமல் எடுக்கும் பழக்கம் மருதையனுக்கு இல்லை. ஞாயிறு காலையிலேயே எழுதியிருக்கிறார். பொருள்: புரொஜெக்டர் ஒன்று. எடுத்தவர்: மருதையன். எடுத்த இடம் என்று ஒரு கட்டம் பதிவேட்டில் கிடையாது. அவராகவே ஓரத்தில் எழுதியிருக்கிறார், ‘தலைவர் வீட்டு மாடி’. திங்கள்கிழமை திருப்பி வைத்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எந்த ஊர்த் திருடன் இப்படிச் செய்வான்? எழுதாமல் எடுத்தவர் இன்று புகார்தாரர். எழுதிவிட்டு எடுத்தவர் குற்றவாளி. இதில் எங்கே இருக்கிறது நியாயம்?

அவர் மேல் இருந்த வழக்கு சாவோடு முடிந்துவிட்டதாம். அப்படியானால், அவர் திருடவில்லை என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்லப்போவதில்லை. அந்த எட்டு வரிதான் நிற்கும். அதே வழக்கில் சேர்க்கப்பட்ட அம்சம் அக்காவும் யூசுப் பாயும் இன்று காலையும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் நான் பேச ஒப்புக்கொண்டேன். அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் இருக்கிறது. ‘அனுமதித்தவர்: செயலாளர்.’ அது காலியாக இருக்கிறது. செயலாளர் நான். அந்த ஞாயிறு காலை மருதையன் பதிவேட்டை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் நின்றுகொண்டு, “ஒரு கையெழுத்து போட்டுடுங்க டீச்சரம்மா, மொறையா இருக்கும்” என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வழக்கு வந்தபோது என்னை யாரும் விசாரிக்கவில்லை. பேராசிரியர் என்பதால் விட்டார்கள். நிலக்காரரான என் அப்பாவின் நெற்களத்தில் மருதையன் மூட்டை தூக்கியவர் என்பதும் ஒரு காரணம். நானும் போகவில்லை. கல்லூரியில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் யோசித்தது பதினெட்டு நாள்.

மருதையன் அவர்களே, உங்கள் மன்றம் நிற்காது. வரும் ஞாயிறு இந்தக் கொட்டகைச் சுவரில் அதே படம் ஓடும். வசனம் அம்சம் அக்கா சொல்வார். நான் தாள் எழுதித் தர மாட்டேன். பதினாறாம் தேதி மற்ற இருவர் மேலுள்ள வழக்கு விசாரணைக்கு வருகிறது. அன்று நான் கூண்டில் ஏறி, அந்தப் பொருள் என் பொறுப்பில் இருந்தது, எடுத்துவரச் சொன்னவள் நான், அனுமதி என்னுடையது என்று சொல்வேன். என்னையும் வழக்கில் சேர்த்தால் சேர்க்கட்டும். பத்தரை மணிக்கு அந்தச் சாலையில் நானும் போகிறேன்.

கண்ணாத்தாள் அக்கா, உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. அவர் பதினெட்டு போட்டார். நான் அந்த ஒன்றைப் போடவில்லை.