முசே ராமலிங்கத்தின் ரத்த அழுத்தம்

— நூத்தி அறுபத்தெட்டு. வந்து பாரு அமுதா, நான் சொன்னா நம்ப மாட்டே. இப்ப நான் சொல்லல, மெஷின் சொல்லுது.

— மெஷின் பாவம், அது எங்க பேசிச்சு. அது உர்ருன்னு காத்தடிக்க ஆரம்பிச்சதுலேருந்து நீங்கதானே பேசிக்கிட்டிருந்தீங்க. எதிர்வீட்டுக்காரரு வண்டிய குறுக்க நிறுத்துறதுல ஆரம்பிச்சு ஐநா சபை வரைக்கும் போயிட்டு வந்தீங்க.

— ஆகவே, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு ரத்த அழுத்தத்தோட ஒரு மனுஷன் ஏரோப்ளேன்ல ஏறினா என்ன ஆகும்? வெளிய காத்தழுத்தம் கொறைவு. உள்ள ரத்த அழுத்தம் அதிகம். விஞ்ஞானப்பூர்வமா யோசிச்சுப் பாரு.

— என்ன ஆகும்?

— பொம்பளைங்ககிட்ட சொல்லக்கூடிய விஷயம் இல்ல.

— ஐய, சொல்லாதீங்க. நான் சொல்றத நீங்க கேளுங்க. கொன்சுலா ஆபீசுல வீசா குடுத்தாச்சு. மாப்பிள்ள விமல்ராஜ் பாரிசுலேருந்து டிக்கெட் போட்டு அனுப்பியாச்சு. நம்ம பொண்ணு சங்கவிக்கு இந்த மாசக் கடைசில பிரசவத் தேதி. சாயந்திரம் மாப்பிள்ள போன் பண்ணுவாரு. வர்றோம், வரலன்னு ஒரு வார்த்த சொல்லணும்.

— நான் உன்ன தடுக்கலையே. நீ போ. தாராளமா போ. ஒரு தாயோட உரிமைக்குக் குறுக்க நிக்கிற ஆளு இல்ல நான்.

— எங்க போறது தனியா? அரியாங்குப்பம் பாலத்தத் தாண்டி பஸ்ஸுல போனாலே எறங்குற எடம் வந்துச்சான்னு பத்து பேரக் கேக்குறவ நான். அங்க போயி யாரக் கேப்பேன், என்னன்னு கேப்பேன்? பாஷை தெரிஞ்ச மனுஷன் கூட வர்றாருன்னுதானே தைரியமா பாஸ்போர்ட்டே எடுத்தேன்.

— பாஷை தெரிஞ்சவன் உயிரோட போய்ச் சேரணுமே அமுதா.

— மாப்பிள்ள அனுப்பின அந்த மெஷின இப்படிக் குடுங்க. அதோட வந்த காகிதத்தயும் குடுங்க.

— அது உனக்குப் புரியாது. முழுக்க பிரெஞ்சு.

— படம் இருக்குல்ல, அது எந்த பாஷையாம்? பாருங்க, இந்த வெள்ளக்காரம்மா மெஷின மணிக்கட்டுல கட்டிக்கிட்டு, கைய மடக்கி நெஞ்சுக்கு நேரா வெச்சிருக்கா. வாயும் மூடியிருக்கு. நீங்க என்னடான்னா நாற்காலிக்குக் கீழ கைய தொங்கவிட்டுக்கிட்டு, கெணத்துல வாளி எறக்குற மாதிரி உக்காந்திருக்கீங்க.

— படம் வரையறவனுக்கு மருத்துவம் தெரியுமா? எழுத்துதான் முக்கியம். எழுத்துல தெளிவா போட்டிருக்கான், கைய இயற்கையா விடணும்னு.

— எந்த வரியில?

— எல்லா வரியிலயும் அந்த அர்த்தம் தொனிக்குது.

— சரிங்க தலைவரே. இப்ப என் திருப்திக்கு ஒருவாட்டி இந்தம்மா மாதிரி உக்காருங்க. முதுக சாய்ங்க. கால்மேல கால் வேணாம், இது நம்ம தெருச் சங்கத்துக் கூட்டம் இல்ல. கைய மடக்குங்க. நெஞ்சுக்கு நேரா. இன்னும் மேல. அவ்வளவுதான். பேசக் கூடாது.

— ஒரு குடிமகனோட பேச்சுரிமைய—

— பேசக் கூடாதுன்னேன். பொத்தான அமுக்கிட்டேன்.

— ம்.

— ‘ம்’மும் கூடாது. கண்ண மூடுங்க. நான் பேசுறேன், நீங்க கேளுங்க, கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வாய்ப்பு எனக்குக் கெடைக்கவே இல்ல. வடாம் காயவெச்சு எடுத்துட்டேன். பெருங்காயம் வாங்கிட்டேன், வசம்பு வாங்கிட்டேன். ஏரோப்ளேன்ல கருவாடு விட மாட்டாங்களாம், அதனால மூணு பைக்குள்ள பை போட்டுக் கட்டியிருக்கேன். ஜன்னல் சீட்டு உங்களுக்கு. குளுருக்கு மாப்பிள்ளையோட கோட்டு இருக்காம். நேத்து சங்கவி போன்ல வாந்தியப் பத்தி சொன்னா, கால் வீக்கத்தப் பத்தி சொன்னா, வெளிய மழைன்னு சொன்னா. எப்பம்மா வர்றேன்னு மட்டும் கேக்கல. கேட்டா நான் அழுவேன்னு அவளுக்குத் தெரியும், நான் அழுதா அவளும் அழுவான்னு எனக்குத் தெரியும். அதனால ரெண்டு பேரும் மழையப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். ம், நின்னுடுச்சு. கண்ணத் தொறங்க. எவ்வளவு?

— மெஷின் கெட்டுப் போச்சு.

— எவ்வளவுன்னு கேட்டேன்.

— நூத்தி இருபத்தாறு.

— நல்லா படிங்க, கண்ணாடி போட்டு.

— போட்டுத்தான் இருக்கேன். சொன்னேன்ல, கெட்டுப் போச்சு. நீ படபடன்னு பேசினதுல அது பயந்திருக்கும்.

— கொஞ்ச நேரம் முன்னாடி விஞ்ஞானம். இப்ப ரிப்பேர். ஏங்க, சந்தோஷப்படுங்க. இந்த வயசுல நூத்தி இருபத்தாறுன்னா ஊரே பொறாமப்படும். முழு நிலாவாட்டம் இருந்த மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்குது?

— ஒரு தடவ பாத்ததெல்லாம் கணக்குல சேராது. திரும்பத் திரும்பப் பாத்து சராசரி எடுக்கணும். அதான் முறை. நீ வேணும்னா இன்னொரு—

— முசே, உள்ள வரலாங்களா?

— வா பாவாடை. தலைவருக்குத்தான் பி.பி. பாத்துக்கிட்டிருந்தோம். சங்கத்துச் செயலாளரும் வந்தாச்சு, நல்ல நேரத்துலதான் வந்தே. உக்காரு. ஏங்க, நீங்க கைய மடக்குங்க, இன்னொரு தடவன்னீங்கல்ல. இந்தத் தடவ நானே கைய நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்குறேன். வாயத் தொறக்கக் கூடாது. அமுக்கிட்டேன்.

— முசே பேசாம இருக்குறத இன்னிக்குத்தான் பாக்குறேன். பரவால்ல, நீங்க கேட்டாப் போதும். பிளக்ஸ் ரெடி முசே. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுகிட்ட கம்பு நட்டுட்டாங்க. பன்னெண்டுக்கு எட்டு அடி. நடுவுல நீங்க கோட்டு போட்டு நிக்கிறீங்க.

— அவருகிட்ட கோட்டே இல்லையே பாவாடை.

— கம்ப்யூட்டர்ல போட்டதுக்கா. ஒடம்பு வேற ஆளோடது. பின்னால ஈபிள் கோபுரம். கீழ செகப்பு எழுத்துல, ‘பிரெஞ்சு மண்ணை பிரெஞ்சு மொழியால் வெல்லப் புறப்படும் எங்கள் முசே ராமலிங்கம்’. எப்படி?

— பிரெஞ்சுக்காரங்களயே பிரெஞ்சால ஜெயிக்கிறாரா? நல்லாத்தான் இருக்கு. ஏங்க, கை ஏன் ஆடுது? ஆட்டாதீங்க.

— இன்னும் இருக்குக்கா. வழியனுப்பு விழா வெச்சிருக்கோம். முசே அதுல பிரெஞ்சுல ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும். லாஸ்பேட்டைலேருந்து காலேஜ் பசங்க வர்றாங்க, பிரெஞ்சு படிக்கிறவங்க, முசே பேசப் பேச குறிப்பெடுக்கப் போறாங்களாம்.

— அடேங்கப்பா.

— அப்புறம் விமல்ராஜ்கிட்டயும் பேசிட்டேன். பாரிசு ஏர்போர்ட்டுல எறங்கினதும் முசேவும் சம்பந்தி ஹரிகிருஷ்ணனும் கட்டிப் புடிச்சு பிரெஞ்சுல பேசிக்கணும், அத வீடியோ எடுத்து உடனே நம்ம குரூப்புல போடணும்னு சொல்லியிருக்கேன். அவரும் அவங்கப்பாகிட்ட சொல்லிட்டாராம். ஒரே பாஷையில ரெண்டு சம்பந்தியும் வெளயாடப் போறாங்க. தெருவே காத்துக்கிட்டிருக்கு முசே. இன்னா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்க?

— அவரு பேசக் கூடாது பாவாடை. ம், நின்னுடுச்சு.

— நூத்தி எழுபத்தொண்ணு. பாத்தியா பாவாடை, நீயே சாட்சி. நூத்தி எழுபத்தொண்ணு. ஆகவே விழாவும் வேணாம், பிளக்ஸும் வேணாம், பயணமும் வேணாம். மருத்துவம் தடுக்குது. மக்கள்கிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடு.

— இன்னா முசே இப்படிச் சொல்றீங்க. பிளக்ஸ அடிச்சுட்டமே.

— பாவாடை, நீ போயிட்டு அப்புறமா வாப்பா. பிளக்ஸ கட்டவும் வேணாம், கிழிக்கவும் வேணாம். நான் கூப்புடுறேன்.

— சரிக்கா. முசே, ஒடம்பப் பாத்துக்குங்க. ஓருவார்.

— ம், போயிட்டு வா பாவாடை.

— ஏங்க, பாவாடை ஓருவார்னு சொல்லிட்டுப் போறான். நீங்க பதிலுக்குத் தமிழ்ல வழியனுப்புறீங்க.

— களைப்பா இருக்கு.

— இருக்கட்டும். இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கை நெஞ்சுக்கு நேராத்தான் இருந்துச்சு, நானே புடிச்சிருந்தேன். வாய் மூடித்தான் இருந்துச்சு. முன்னாடி நூத்தி இருபத்தாறு. இப்ப எப்படி இவ்வளவு ஏறிச்சு?

— அந்த பிளக்ஸ். பன்னெண்டுக்கு எட்டுன்னதும் ஒரு அதிர்ச்சி.

— உங்க மூஞ்சிய பெருசா போட்டா உங்களுக்கு ஏறாது, எறங்கும். சங்கத் தேர்தலப்போ இதவிடப் பெருசா போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி கொறட்ட தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

— வயசாவுதில்ல.

— நான் ஏரோப்ளேன்னு சொன்னேன், கை ஆடல. குளுருன்னேன், ஆடல. கருவாட்டக் கொண்டாறேன்னேன், அதுக்கே ஆடல. அவன் பிரெஞ்சுல பேசணும்னான், வெடவெடன்னுது. காலேஜ் பசங்கன்னான், இன்னும் வேகமா. சம்பந்தின்னான் பாருங்க, எனக்கே பயமாயிடுச்சு. ஏங்க, உங்களுக்கு பிரெஞ்சு தெரியாதா?

— கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— ஜன்னல்.

— அதுவும் சாத்தியாச்சு. ஃபேனையும் நிறுத்தவா?

— சுத்தமா தெரியாதுன்னு சொல்ல முடியாது. போன்ழூர்னா வணக்கம், அது தெரியும். மெர்சின்னா நன்றி, அதுவும் தெரியும். பத்து வரைக்கும் எண்ணுவேன். ஏழுலயும் எட்டுலயும் கொஞ்சம் தடுமாறும்.

— அப்ப இந்தக் காகிதம்?

— பின்பக்கம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. கைய தொங்கப் போட்டா தப்பா ஏத்திக் காட்டும், ஜாக்கிரதன்னு போட்டிருந்தான். படிச்சுத்தான் தொங்கப் போட்டேன்.

— நல்ல ஆளு. கட்டின பொண்டாட்டிகிட்டயே இவ்வளவு நாளா. அப்ப முசேங்குற பேரு?

— நானா வெச்சுக்கிட்டேன்? ஆபீசுல வேலைக்குச் சேந்த புதுசு. பீச்சாண்ட ஒரு வெள்ளக்காரரு வழி கேட்டாரு. ஒண்ணும் புரியல. கைய கடல் பக்கம் நீட்டி, ஐயாங்குற அர்த்தத்துல ‘முசே’ன்னேன். மெர்சின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாவாடை பாத்துட்டான். மறுநாள் காலைல தெருவே முசேன்னுது. தெரியாதுன்னு சொல்லலாம்னு நல்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன் அமுதா. வேல முடிஞ்சு ரிட்டயர்மெண்டே வந்துடுச்சு.

— சங்கவி கல்யாணத்துல மைக்கப் புடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசினீங்களே. எங்க அண்ணன் புல்லரிச்சுப் போயிட்டாரே.

— ஒரு வாத்தியார்கிட்ட எழுதி வாங்கி, தமிழ் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ணது. மேடை ஏறினதும் பாதி மறந்துபோச்சு. சும்மா நிக்க முடியுமா? நம்மூரு தெருப் பேரெல்லாம் எடுத்து விட்டேன். ரூ சுஃப்ரேன், ரூ துமா, ரூ ரோமன் ரோலன். கொரல ஏத்தி எறக்கி சொன்னேன். ரூ துமா சொல்லும்போதுதான் கைதட்டினாங்க.

— ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, விலா நோவுது.

— நீ சிரி. மொதல் வரிசைல சம்பந்தி உக்காந்திருந்தாரே, பாத்தியா? முப்பது வருஷமா பாரிசுல இருக்குற மனுஷன். அவங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, சிப்பாய். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாரு. கண்ணுல தண்ணி. அவருக்குத் தெரியும் அமுதா. பெருந்தன்மையா சபையில காட்டிக் குடுக்கல. இப்ப அந்த வீட்டுக்குள்ளயே போயி மாசக்கணக்குல உக்காந்தா? ஒரு நாள் காப்பிய வெச்சுக்கிட்டு, ‘சம்பந்தி, அன்னிக்கு எதுக்கு எனக்குத் தெருப் பேரா சொன்னீங்க’ன்னு கேட்டா, என் பொண்ணு வீட்டுல என் மானம் எங்க போகும்?

— கேட்டா கேக்கட்டும். நம்ம பொண்ணு அங்க வயித்தத் தள்ளிக்கிட்டு மழையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க மானத்த இங்கயே பொட்டில வெச்சுப் பூட்டிட்டு வாங்க. வழி கேக்கணும்னா மாப்பிள்ளயக் கேட்டுக்குறேன். பிள்ளை பொறந்த வீட்டுல ஆம்பளைங்க சத்தம் போடக் கூடாது, எங்க பக்கம் வழக்கம்னு நான் சொல்லிடுறேன். நீங்க வாயத் தொறக்கவே வேணாம்.

— நான் வாயத் தொறக்காம இருந்தா யாரும் நம்புவாங்களா?

— நம்ப மாட்டாங்க, ஆனா சந்தோஷப்படுவாங்க. போன எடுங்க. சாயந்திரம் வரைக்கும் விட்டா உங்களுக்கு இன்னொரு நோவு வந்துடும். சம்பந்தியம்மாவுக்கு நானே பேசிடுறேன். அலோ, தில்லையம்மாளா? நான்தான் அமுதவல்லி. தூங்கிக்கிட்டிருந்தீங்களா? சங்கவி எப்படியிருக்கா? நல்லது, நல்லது. நாங்க ரெண்டு பேருமே கெளம்பி வர்றோம்னு சொல்லத்தான்... என்னங்க, கொரல் ஏன் ஒரு மாதிரி போவுது?... யாருக்கு?... அடக் கடவுளே. எப்பலேருந்து?... டாக்டரு என்ன சொல்றாரு?... ஓ. அவரு வாயாலயே சொல்லிட்டாரா?... இல்லல்ல. எங்க வீட்டுக்காரருகிட்ட மூச்சு விட மாட்டேன். சத்தியமா. வெச்சிடுறேன்.

— என்ன அமுதா? சம்பந்திக்கு என்ன?

— பி.பி.யாம். ஏர்போர்ட்டுல நீங்க பிரெஞ்சுல பேசுவீங்க, வீடியோ எடுப்பாங்கன்னு மாப்பிள்ள சொன்னதுலேருந்து நூத்தி எண்பதுக்குக் கீழ எறங்கவே இல்லையாம். பாரிசுக்குப் போன நாள்லேருந்து தமிழ் மளிகைக் கடைக் குடோன்லயே காலத்த ஓட்டிட்டேன், கல்யாணத்துல அந்த முசே பேசினப்பவே எங்க தலையாட்டணும்னு தெரியாமத்தான் எல்லாத்துக்கும் ஆட்டி வெச்சேன், இப்ப எதுர்ல வந்து நின்னா நான் என்ன செய்வேன்னு அழுவுறாராம்.