மரத்துக்கு வாய் வெட்டியவர்

ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அரிசி வரிசை நகர மறுத்தது. எனக்கு முன்னால் தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றவர் தன் சிநேகிதரிடம் சொன்னார்:

“மரத்துக்கு முதல்ல வாய் வெட்டணும். விழவேண்டிய பக்கமா ஆப்பு மாதிரி ஒரு துண்டு எடுத்துடணும்.”

“அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு ரெண்டு பக்கமும் அத்தாப்பு ஓலை வேய்ஞ்ச வீடுங்களாச்சே.”

“ஆளுங்களும் உள்ளதான். அந்த ஜப்பான் சார்ஜென்ட் யாரையும் வெளிய விடல. வீடுங்களுக்கு நடுவுல ஒரு முளைய அடிச்சு, மரம் இதுமேல விழலேன்னா என் தலை போயிடும்னு சைகை காட்டினான்.”

“அப்புறம்?”

“முளையப் பாத்து வாய் வெட்டினேன். பின்பக்கம் ரம்பம் போட்டேன்.”

“வீடுங்க?”

“ஒரு கீத்துகூட அசையல.”

“முளைமேலதான் விழுந்துச்சா?”

அவர் கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“முளையவே காணோம்யா. மண்ணுக்குள்ள போயிடுச்சு. அவன் நம்பாம இன்னும் தோண்டிக்கிட்டிருக்கான்.”