சுற்று போனால் முடிந்தது என்றார்கள்

எனது பெயர் பெமிலா, வயது 31, கணவர் பெயர் ஜெஃப்ரின், அருமனையில் அஞ்சல் நிலையத்துக்குப் பின்புறம் குடியிருந்து வருகிறேன். மார்த்தாண்டத்தில் ஷாஜன் என்பவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளராக வேலை செய்து வருகிறேன். புதுக்கடை அருகே உள்ள மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்து சேர்ந்தது பற்றி ராஜையன் என்பவர் கொடுத்த மனுவின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வது என்னவென்றால்,

மேற்படி மண்டபத்துக்கு முன்பதிவு செய்யும் இணையப் பக்கத்தை எங்கள் நிறுவனம்தான் செய்து கொடுத்தது. அதில் தேதியைத் தேர்ந்தெடுத்து ‘பதிவு செய்’ என்பதை அழுத்தினால் திரையில் ஒரு சுற்று சுழலும். தேதி பதிவானதும் சுற்று மறைந்துவிடும். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளீட்டஸ் அண்ணனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஷாஜன் சார் நேரில் போயிருந்தார். சுற்று போனால் முடிந்தது, அவ்வளவுதான் என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

என் வேலை என்னவென்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். ஆள் உட்கார்ந்து அழுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு நிரலே பக்கத்தைத் திறந்து, தேதி போட்டு, பொத்தானை அழுத்திப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை காட்டும். சுற்று மறையும்வரை காத்திரு என்று அந்த நிரலுக்கும் ஷாஜன் சார் எழுதி வைத்திருந்தார். ஒருநாள் நான் இணைய இணைப்பை வேண்டுமென்றே மந்தமாக்கி ஓட்டிப் பார்த்தேன். எதுவும் பதிவாகவில்லை, ஆனால் பச்சை காட்டியது. பார்த்தால், பொத்தானை அழுத்தியபின் சுற்று திரைக்கு வரவே நேரம் பிடிக்கிறது. நிரல் அதற்குள் எட்டிப்பார்த்து, சுற்று இல்லை, அப்படியானால் மறைந்துவிட்டது என்று முடிவு செய்து, பதிவு போய்ச் சேரும்முன் பக்கத்தை மூடிவிடுகிறது. வராத விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் கணக்கு வைத்த மாதிரிதான்.

அதன் பின்பு நான் ஷாஜன் சாரிடம் போய், சுற்று இல்லை என்பதை நம்பக் கூடாது, ‘பதிவாயிற்று’ என்று ஒரு வரி பக்கத்தில் வர வேண்டும், நிரலும் ஆளும் அந்த வரிக்குத்தான் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வாரம் இந்தப் பக்கத்துக்குத் திறப்பு விழா, பச்சையாக இருப்பதை ஏன் நோண்டுகிறாய் என்றார். எனக்கு வாய் அதிகம் என்று அலுவலகத்தில் ஏற்கெனவே பெயர். இருந்தும் மறுபடி சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பின்பு ராஜையன், மகள் பிரீனாவின் கல்யாணத்துக்காக மண்டபத்துக்குப் போய்த் தேதி கேட்டிருக்கிறார். கிளீட்டஸ் அண்ணன் தன் போனில் தேதி போட்டு அழுத்தியிருக்கிறார். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது. சுற்று இல்லாததைப் பார்த்து, மண்டபம் உங்களுக்குத்தான் என்று சொல்லிப் பக்கத்தை மூடிவிட்டார். அந்தப் பதிவு போய்ச் சேரவேயில்லை. ராஜையனும் அவர் வாய்வார்த்தையை நம்பிப் போய்விட்டார். அதன் பின்பு துபாயில் இருக்கும் வேறொரு குடும்பத்தார், தேதி காலியாகத் தெரிந்ததால் அங்கிருந்தே பதிவு செய்தார்கள். பதிவானதால் பக்கத்தில் அந்தத் தேதி சிவப்பாக மாறியது. கிளீட்டஸ் அண்ணன் அது ராஜையன் வீட்டுக் கல்யாணம் என்றே நினைத்துக்கொண்டு, பெயரைத் திறந்து பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் ராஜையனின் சமையல்காரர்கள் அண்டாக்களோடு வந்து இறங்கியபோது வாசலில் வேறு பெண்ணின் பெயர் பூவில் எழுதியிருந்தது. பிரீனாவின் விருந்தை ஆலய வளாகத்தில் தார்ப்பாய் கட்டிப் போட்டார்கள். பாதிப் பேர் மண்டபத்து வாசலோடு திரும்பிவிட்டார்கள் என்று அறிந்தேன். துபாய்க்காரர்களிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு தேதியை மாற்றிக் கொடுத்ததாகக் கிளீட்டஸ் அண்ணன் மேல் புகார் வந்தது. மண்டபக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்தி, மண்டபத்துக்குப் பின்னால் அவரும் மனைவியும் இருக்கும் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர்.

நேற்று ஷாஜன் சார் என்னை அழைத்து, ராஜையன் பதிவைக் கிளீட்டஸே ரத்து செய்ததாகப் போலீசில் சொல்லிவிடு, கம்பெனி தப்பித்துவிடும் என்றார். அப்படி ஒரு ரத்து நடக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. மாட்டேன் என்றேன். அப்படியானால் இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

இன்று ஆய்வாளர் சொன்னபடி, நிலையத்துக்குப் பின்னால் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் நின்று, ஒரு காவலரின் போனில் அதே பக்கத்தைத் திறந்து அவரையே அழுத்தச் சொன்னேன். திரையில் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று காவலர் சொல்லி வாய் மூடிய பிறகுதான் சுற்று வந்தது. ராஜையனும் கிளீட்டஸ் அண்ணனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஆய்வாளர் கிளீட்டஸ் அண்ணனிடம் கேட்டார். “சுத்து போனா முடிஞ்சுன்னு சொன்னாவ. பாத்தேன், சுத்து இல்ல. எனக்கு வேற என்ன சார் தெரியும்?” என்றார் கிளீட்டஸ் அண்ணன். உள்ளே வந்ததும் ராஜையன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.

கிளீட்டஸ் யாரிடமும் எதுவும் வாங்கித் தேதியை மாற்றவில்லை, தனக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் அவர் செய்தார் என்பதே நான் சொல்ல வந்தது.

இவ்வளவையும் தட்டச்சு செய்த தலைமைக் காவலர், கணினியில் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, “முடிஞ்சு, நீ போவலாம் மக்கா” என்றார். திரையில் சுற்று இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சுற்று வந்தது, சுழன்றது, போனது. அதன் பின்பும் உட்கார்ந்திருந்தேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்த பிறகுதான் எழுந்தேன். இதையும் சேர்த்து எழுதி மறுபடி சேமிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜெ. பெமிலா