தலையை நீட்டிய ஆமை

அன்று அங்கே இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரையோ விட்டுவிட்டேன் என்ற பேச்சு வேண்டாம். நீதிமன்றம் நியமித்த ஆணையர், வழக்கறிஞராகி அதிக காலம் ஆகாத ஒரு பெண். அவருடன் உத்தரவை நிறைவேற்ற வந்த கோர்ட் அமீனா. காவலுக்கு ஒரு போலீஸ்காரர். எங்கள் வக்கீல். என் தம்பி. நான். பிரதிவாதி, அதாவது என் தம்பியின் மகன். ஆணையரின் அறிக்கையில், முத்திரை வைத்தபோது பிரதிவாதி அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறது. அது அந்தப் பெண்ணின் தவறு அல்ல. அவன் இருந்தான்.

நல்ல வெயில். எனக்கு வெயில் பிடிக்கும். பித்தளை தன் உண்மையான நிறத்தை வெயிலில்தான் காட்டும்.

எங்கள் குடும்பத்துப் பூட்டின் பெயர் ஆமைப் பூட்டு. என் அப்பா ஆமையைச் சின்னமாக வைத்தபோது சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்று கேட்டவர்களிடம் அப்பா, "ஆமை தொங்குற வீட்டுல திருடன் புக மாட்டான், அது போதும்" என்றாராம். எங்கள் ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஓடு மட்டும்தான் தெரியும். பார்த்த உடனேயே ஒரு நம்பிக்கை வரும். அப்பாவுக்குப் பிறகு, மூத்தவன் என்ற முறையில், சின்னம் என் பெயரில் பதிவாயிற்று. என் கல்யாண நாளை எத்தனையோ முறை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவைப் புதுப்பிக்கும் நாளை ஒருமுறையும் மறந்ததில்லை.

தம்பி மகன் எங்கள் பட்டறையில் வளர்ந்தவன். நடக்கத் தெரிவதற்கு முன்பே பூட்டைத் திறக்கத் தெரியும் என்று வேலையாட்கள் கேலி செய்வார்கள். நல்ல கை. அதைவிட நல்ல வாய். பெட்டிக்கும் சைக்கிளுக்கும் மெல்லிய பூட்டு செய்யலாம், ஊரே வாங்கும் என்று என்னிடம் வந்து நின்றான். ஆமை அப்படிப்பட்ட பூட்டில் உட்காராது என்றேன். சிரித்துக்கொண்டே போனான். ஷெட்டுகள் நிறைந்த ஒரு சந்தின் கோடியில் தனியாகப் பட்டறை போட்டான். அவன் பூட்டிலும் ஓர் ஆமை இருந்தது. அது தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

குடும்பம் முழுதும் கூடிச் சாப்பிட்ட ஒரு நாள், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"என்னடா இது, ஆமை?"

"பெரியப்பா, உங்க ஆமை தூங்குது. என் ஆமை நடக்குது. ரெண்டும் ஒண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவிக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

பிறகு ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, வாய் பிளந்த பூட்டு ஒன்றை என் மேசையில் போட்டார். "ஆமைன்னு நம்பித்தானே வாங்கினேன்? பீரோவைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்" என்றார். பூட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆமை தலையை நீட்டி என்னைப் பார்த்தது. இது எங்களுடையது இல்லை என்று விளக்கினேன். அவர் கேட்டார்: "தலை உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு நான் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கணுமா சார்?" நியாயமான கேள்வி. சட்டமும் அதையேதான் கேட்கிறது. இரண்டு சின்னங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவனை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிறவன் ஏமாறுவானா என்றுதான் பார்க்கும்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். "தெரிஞ்சே வருஷக்கணக்கா சும்மா இருந்தீங்கன்னா, அப்புறம் தடுக்கற உரிமையே போயிடும் ஐயா." பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. வணிகச் சின்னச் சட்டத்தில் பொறுத்தார் பூமியை இழப்பார். ஆகவே நோட்டீஸ் அனுப்பினோம். 'என் ஆமைக்கு இன்னும் படிக்கத் தெரியாது, கற்றுக்கொண்டதும் பதில் அனுப்பும்' என்று பதில் எழுதியிருந்தான். வக்கீல் அதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு வழக்குப் போட்டோம். அவன் தரப்பைக் கேட்பதற்கு முன்பே, சரக்கைக் கணக்கெடுத்து அறையைப் பூட்டி முத்திரை வைக்க உத்தரவு கிடைத்தது.

அப்படித்தான் அன்று போனோம். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்ததும் அமீனா கைகளைத் தட்டிக்கொண்டு, "ஆமையும் அமீனாவும் ஒரே இடத்துல புகுந்தாச்சு. இனிமே இந்த இடம் உருப்பட்ட மாதிரிதான்" என்றார். ஆணையரே சிரித்துவிட்டார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் தம்பி மகன். சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பினான். நாற்காலி போட்டான். சந்து முனையிலிருந்து டீ வரவழைத்தான். என் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று அவனேதான் சொன்னான். வளர்ப்பு அப்படி.

பூட்டுகளை எண்ணுவது பெரிய வேலை இல்லை. எனக்கு வேண்டியது அச்சு. பித்தளையில் ஆமையைப் பதிக்கிற இரும்பு அச்சு. அது இருக்கும்வரை ஆமை குட்டி போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

"அச்சு எங்கே?" என்று கேட்டார் ஆணையர்.

"அதை உருக்கி நாளாச்சு மேடம்."

"ஆமையை உருக்கினா பாவம் இல்லையா?" என்றார் அமீனா.

"தலையை உள்ள இழுத்துக்கச் சொல்லிட்டுத்தான் உருக்கினேன்" என்றான். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வரவில்லை. அவன் போன் மேசைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. "கைது பண்ணிடுவோம்னு ஓடிட்டான். போனை விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க, கெட்டிக்காரன்" என்றார் போலீஸ்காரர்.

சரக்கு அறை பட்டறையின் பின்பக்கம் இருந்தது. தகரக் கூரை, இரட்டை இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. பூட்டுக்காரன் ஜன்னல் வைக்க மாட்டான். அடுக்கடுக்காகப் பெட்டிகள், மேலே பலகைப் பரண். பெட்டிகளில் பூட்டுகள் தவிர வேறொன்றும் இல்லை. கருவிகளையெல்லாம் முன்பக்கத்திலேயே கட்டி வைத்தாயிற்று. அறை நடுவே நின்று அமீனா தன் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டினார்.

"கோர்ட்டுப் பூட்டு சார். ரெண்டு உலுக்கு உலுக்கினா தானா திறந்துக்கும். முத்திரைக்குத்தான் மரியாதை, பூட்டுக்கு இல்ல."

எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பரணில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாதம் இருந்தது. குதிகாலில் ஒரு பழைய தழும்பு. சின்ன வயதில் பித்தளைக் கட்டியைக் காலில் போட்டுக்கொண்டான். நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். பாதம் மெல்ல உள்ளே போயிற்று.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று முறைப்படி குரல் கொடுத்தார் ஆணையர். பதில் இல்லை. என்னைப் பார்த்தார்.

"பூட்டிடலாம்மா" என்றேன்.

அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. அச்சு அவன் மடியில். நாங்கள் போன பிறகு கதவை இரண்டு உலுக்கு உலுக்கினால் கோர்ட்டுப் பூட்டு கழன்று விழும். அச்சோடு வெளியே போய்விடலாம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு அவனை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் அமீனாவிடம், "கோர்ட் உத்தரவுக்கு ஒரு கௌரவம் வேணும். உங்க பூட்டு வேண்டாம்" என்று சொல்லி, என் பையிலிருந்த எங்கள் பெரிய பூட்டைக் கொடுத்தேன். ஆணையருக்குச் சந்தோஷம். அமீனா கொண்டியில் மாட்டி அழுத்தினார். எங்கள் பூட்டு விழுகிற சத்தம் தனி. அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் அவன். உள்ளே அவனுக்குக் கேட்டிருக்கும், புரிந்தும் இருக்கும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு ரத்தம்.

கதவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் துணி ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். இரண்டு சாவிகளை உறையில் போட்டு ஆணையர் வாங்கிக்கொண்டார். எங்கள் பெரிய பூட்டுக்கு மூன்று சாவி. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை.

வீடு திரும்பும்போது தம்பி கேட்டான். "அண்ணா, பையன் எங்க போயிருப்பான்?"

"வருவான்டா. ஆமை எவ்வளவு தூரம் ஓடும்?"

தம்பி சிரித்தான். என் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை, முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அந்தச் சந்தில் பகல் முழுதும் தகடு வெட்டும் இயந்திரங்களின் இரைச்சல். ஒருவர் கத்துவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. இருட்டிய பிறகு ஆளே இருக்காது. கதவருகே போய் நின்றேன்.

"பெரியப்பாதானே? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது. நல்ல பூட்டுதான், ஒத்துக்கறேன். திறங்க."

"கோர்ட் முத்திரை இருக்குப்பா. கிழிச்சா அவமதிப்பு."

"அவமதிப்புக்கு நான் உள்ள போறேன். ஏற்கெனவே உள்ளதானே இருக்கேன்."

"அச்சைக் கதவடியில தள்ளு."

"திறங்க, தரேன்."

"தா, திறக்கறேன்."

 பிறகு அவன் சொன்னான்: "ஆமை தாத்தாவோடது பெரியப்பா. உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

"தாத்தாவோடதுதான். பதிவு என் பேர்ல இருக்கு."

சட்டத்துக்கு அது போதும். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த முறை போனபோது அவன் கேலி பேசவில்லை. "தண்ணி மட்டும் குடுங்க பெரியப்பா" என்றான். அச்சு கதவடியில் தானாகவே வெளியே வந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மிக நேர்த்தியான வேலை. தலையின் வளைவை எங்கள் பட்டறையில் வேறு யாராலும் அப்படி வெட்ட முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அச்சை வாங்கிவிட்டேன், சரி. அதை வெட்டிய கை உள்ளேதானே இருக்கிறது? திறந்துவிட்டால் இன்னொரு அச்சு, இன்னொரு ஆமை, இன்னொரு பீரோ. அச்சைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவை அவன் உலுக்கியதில் முத்திரைத் துணி சற்றுச் சுருங்கியிருந்தது. நீவி நேராக்கிவிட்டு வந்தேன்.

அதன் பிறகும் விடுமுறை முடியும்வரை தவறாமல் போனேன். முத்திரையைப் பார்த்துக்கொள்வது வாதியின் கடமை. சந்து முனையில் டீக்கடைக்காரர் சர்க்கரை இல்லாமல் டீ போட்டுத் தருவார். உள்ளே குரல் சின்னதாயிற்று. பிறகு இல்லை.

விடுமுறை முடிந்து திறந்தபோது, ஆணையர் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், சின்னப் பெண். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் தினமும் வந்து போனதை டீக்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்ற வீட்டில் ஒரு கதை கட்டினார்கள். உள்ளே சத்தம் கேட்டுப் பெரியவர் திறக்கத்தான் போனார், பூட்டு சிக்கிக்கொண்டது, வயசானவர், பதற்றத்தில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. கதையைக் கட்டியவன் என் தம்பி. மகனைப் பறிகொடுத்தவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பையன் போயிட்டான். நீயும் போயிடாதே. பூட்டு சிக்கிக்கிச்சுன்னு சொல்லிடு" என்று அழுதான். நான் ஏன் போனேன் என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. வக்கீலுக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. அதையே சொன்னால் வழக்கு நிற்காது என்றார். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் சோறு வைத்தாள்.

நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் பேச்சு கடைவீதிக்கு வந்துவிட்டது. நேற்று ஒரு கடைக்காரர் பூட்டைக் கையில் எடுத்தவர், திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆமைப் பூட்டு அவசரத்துக்குத் திறக்காதாமே?" அதனால்தான் இன்று காலை வக்கீலுக்குச் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

பூட்டு சிக்கவில்லை. அச்சை வாங்கிய அன்றே, தூசியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, மூன்றாவது சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரே திருப்பில், வெண்ணெய் மாதிரி திறந்தது. உள்ளே அவன் "அப்பாடா, பெரியப்பா" என்றான். மறுபடி அழுத்தினேன். அதுவும் ஒரே அழுத்தில் விழுந்தது. சிக்கியது என்று சொல்வது பொய், எழுதிக்கொள்ளுங்கள்.