ஆண்டவரிடம் சொல்லியாச்சு

களைத்த குரலையும் கேட்கச் சம்மதித்த அவைத் தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்க்கும் போதகர் ஐயா அவர்களே, என்னைவிட நன்றாகப் பிள்ளை வளர்த்த பெரியோர்களே, மடியில் பிள்ளை தூங்கிவிட்டது, இந்த மனிதர் வாய் எப்போது ஓயும் என்று காத்திருக்கும் தாய்மார்களே!

‘கிறிஸ்தவக் குடும்பத்தில் குழந்தையின் ஒழுக்கம்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதற்குமுன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடப்பதே குடும்ப ஜெபத்தில்தான்.

முழங்கால் போடுவோம். கண்ணை மூடுவோம். “ஆண்டவரே, சொன்ன சொல்லைக் காப்பாத்தாத சிலருக்கு நல்ல புத்தி குடும்” என்பாள் அவள். அந்தச் சிலர் நான் ஒருவன்தான். விடுவேனா? “பிதாவே, எதுக்கெடுத்தாலும் குத்திக் காட்டுறவங்க நாக்கை அடக்கும்.” கடைசியில் இருவரும் ஒரே குரலில் ஆமென்!

சிரிக்கிறீர்கள். அந்த ஓரத்தில் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புரிகிறது தாயே, உங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நடுவில் ஒன்பது வயது மகள் முழங்காலில் நிற்கிறாள் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் களிமண்ணில் பேழையும் அதில் ஏறும் மிருகங்களும் செய்திருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை ஒடித்தவள் எங்கள் குட்டி. அவள் கைகாட்டியதோ மாடிவீட்டுத் தோழியை, தையற்காரர் மகளை. அந்தப் பிள்ளை எல்லோர் முன்னும் திட்டு வாங்கியது. அப்புறம் ஞாயிறு பள்ளிப் பக்கமே வரவில்லை. எங்கள் கதவைத் தாண்டும்போது காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் படியேறிப் போகும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டு, செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, குட்டியே வந்து இதைச் சொன்னாள்.

“அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“அதெல்லாம் ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சுப்பா. அவர் மன்னிச்சிருப்பாரு.”

“அவ மன்னிக்க வேணாமா?”

“நீங்க அம்மாகிட்ட நேரா கேட்டிருக்கீங்களா? அம்மா உங்ககிட்ட கேட்டிருக்காங்களா?”

அன்பர்களே, வசனம் கற்பித்தோம், வாழ்ந்து காட்டினோமா? கண்ணை மூடக் கற்பித்தோம்; கண்ணைப் பார்த்துப் பேசக் கற்பித்தோமா? வானத்தைக் காட்டினோம்; மாடிப்படியைக் காட்டினோமா?

எழுந்தேன். இடுப்பு ‘வேண்டாம்’ என்றது. எழுந்தேன். சமையலறை வாசலில் நின்று, என் மனைவியின் முதுகைப் பார்த்துச் சொன்னேன்: “நேத்து உங்க அக்கா முன்னாடி உன்னை மட்டம் தட்டினேன். தப்பு என்மேலதான். மன்னிச்சிடு.”

குட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைத் திறந்து மாடிப்படி ஏறினாள். அடுத்த ஞாயிறு, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒடித்தது தான்தான் என்று வகுப்பில் சொன்னாள்.

பெற்றோரே, பிள்ளைகளுக்குக் காது கொஞ்சம் மந்தம். கண் மட்டும் கூர்மை. நாம் சொல்வதில் பாதி அவர்களுக்கு விழாது. நாம் செய்வதில் ஒன்றுகூடத் தப்பாது. ஆண்டவரிடம் மண்டியிடுவோம், எழுந்ததும் அடுத்தவர் கதவைத் தட்டுவோம்! அந்தத் தட்டும் ஓசைதான் நம் பிள்ளைகளுக்கு வேதபாடம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி கண்ணை அகல விரித்துப் பார்க்கிறாள். நியாயம்தான். அன்றைக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. திரும்பச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இப்போதுதான் கேட்கிறாள்.