சாகா மருந்தில் பாதி

மச்சான், இந்த முறை திராட்சை நன்றாகக் காய்த்திருக்கிறது. பவுனு இருந்திருந்தால் மேகமலைக்கு, உங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பச் சொல்லியிருப்பாள். உங்கள் தங்கச்சி போய் எட்டு மாதமாகிறது. இதுவரை நீங்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் தேனிக்குப் போவோம். நான்கு மணி நேரமும் படுத்துக்கொண்டு, தமிழில் பேசும் சீனக் கதைகளைச் செல்போனில் பார்ப்பாள். ஒருநாள் ஒரு வில்லாளியின் கதை. அவனுக்குச் சாகா மருந்து ஒரு குப்பி கிடைக்கிறது. அவனும் மனைவியும் பாதிப் பாதி குடித்தால் இருவருக்கும் சாவு இல்லை. ஒருவரே குடித்தால் வானத்துக்குப் போய்த் தெய்வமாகிவிடலாம். மனைவி முழுவதையும் குடித்துவிட்டு நிலாவுக்குப் போய்விடுகிறாள்.

"அடிப்பாவி, ஆளுக்குப் பாதி குடிச்சிருந்தா ரெண்டு பேரும் நல்லா இருந்திருப்பாகல்ல?" என்றாள். பிறகு என் விலாவில் விரலால் குத்திச் சிரித்தாள். "நமக்கு அந்தக் கவல இல்ல. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

என் கிட்னியைத் தருவதாக நான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்த சமயம் அது. நீங்கள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். உத்தமபாளையம் டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பரிசோதனை எல்லாமே சரியாக வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மனதாரச் சம்மதமா என்று கேட்டார். விருப்பமில்லை என்றால் 'பொருந்தவில்லை' என்று மட்டும் வெளியே சொல்லிவிடுவதாகச் சொன்னார். இருவரும் படுத்துவிட்டால் தோட்டத்தை யார் பார்ப்பது என்று யோசித்தேன். கத்தி என்றாலே எனக்குப் பயம், மச்சான். விருப்பமில்லை என்றேன்.

பவுனுதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க, சேரலன்னா நீங்க என்ன செய்வீக? உங்க மனசு போதும் எனக்கு." அன்று அவள் பரிமாறியபோது முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன். வெட்கமாக இருந்தது. 

ஆனாலும் பயப்படுவது குற்றமில்லை. அது வரைக்கும் செய்ததை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள். "மாப்ள, அப்ப என்னுத எடுக்கச் சொல்லுங்க" என்று டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினீர்கள்.

நீங்கள் அதே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் வாய் தவறி என் விஷயத்தைச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. தெரிந்தால் பவுனுவுக்கும் அவமானம்தானே. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், அதையும் யோசித்தேன். போனில், "உங்களுதும் சேரல மச்சான்" என்றேன். நீங்கள் அழுதீர்கள். அதன் பிறகு ஏழு மாதம் இருந்தாள்.

உங்களுடையது சேர்ந்தது. மேல்பரிசோதனைக்கு உங்களை உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட்டைக் கிழித்துக் கால்வாயில் போட்டேன். அவள் மனம் வாடிவிடக் கூடாதே என்று, வழியில் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.